எட்டாம் கிரேடுக்குப் பிறகு: இசையில் முதுகலைக்கு என்னென்ன வேண்டும்?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பிள்ளையைக் கீபோர்டு வகுப்புக்கும் வயலின் வகுப்புக்கும் அனுப்பும் பெற்றோருக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: “எட்டாம் கிரேடு முடிச்சாச்சு. அடுத்தது மாஸ்டர்ஸ்தானே?”

இல்லை. ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இரண்டு லண்டன் தேர்வு அமைப்புகள் நடத்தும் எட்டாம் கிரேடு, பிரிட்டனின் கல்விப் படிநிலையில் 3ஆம் நிலை. நம் ஊர்க் கணக்கில் பிளஸ் டூ. முதுகலை 7ஆம் நிலையில் இருக்கிறது. இடையில் ஒரு முழு இளங்கலைப் பட்டப் படிப்பு நிற்கிறது. கிரேடு முடித்த பிள்ளைக்கு நல்ல அடித்தளம் கிடைத்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அவர் இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறார்.

கிரேடுகளுக்கு மேலே டிப்ளமோக்கள் உண்டு. ட்ரினிட்டியில் ஏ.டி.சி.எல். 4ஆம் நிலை, எல்.டி.சி.எல். 6ஆம் நிலை, எஃப்.டி.சி.எல். 7ஆம் நிலை. எல்.டி.சி.எல். வாங்கியவரின் வாசிப்பு, பட்டப் படிப்பின் கடைசி ஆண்டு மாணவரின் தரத்தில் இருக்கும். எஃப்.டி.சி.எல். என்றால் முதுகலைத் தரம். இவற்றை வாங்குவது எளிதல்ல, வாங்கியவரை மதிக்க வேண்டும். இருந்தாலும் இவை பல்கலைக்கழகப் பட்டங்கள் அல்ல. எல்.டி.சி.எல். சான்றிதழை மட்டும் கொண்டுபோய் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. இசைக்கு விண்ணப்பித்தால், இளங்கலைப் பட்டம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். வெளிநாட்டிலும் பெரும்பாலான இடங்களில் அதுதான் முதல் கேள்வி.

இதனால்தான், “இசைதான் என் வழி” என்று பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு, கிரேடு பரீட்சைகளை மட்டும் எழுதிக்கொண்டு, இரவில் மெல்லிசைக் கச்சேரிக்குப் போகும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பதைக்கிறது. அவர்களில் பலர் நிஜமான திறமைசாலிகள். இருபத்தைந்து வயதில் மேலே படிக்க ஆசை வரும்போது, கையில் பட்டம் இல்லாத ஒரே காரணத்தால் கதவு மூடிக்கொள்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ, பெண் பிள்ளையென்றால் பாரதி மகளிர் கல்லூரியிலோ ஏதாவது ஒரு பட்டத்தை முடித்துக்கொண்டே இசையைத் தொடரலாம். இசையிலேயே இளங்கலை கிடைத்தால் மிக நல்லது. அது இல்லாவிட்டாலும் பட்டம் என்ற ஒன்று கையில் இருக்கட்டும். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரையும் ஆடிஷன் வலுவாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும் இசைக் கல்லூரிகள் வெளிநாட்டில் உண்டு. அவை பெரும்பாலும் விட்டுப்போன தியரிப் பாடங்களைக் கூடுதலாகப் படிக்கச் சொல்லும்.

சரி, பட்டம் இருக்கிறது. மேற்கத்திய இசையில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ முதுகலைக்கு வேறென்ன கேட்கிறார்கள்?

மதிப்பெண் பட்டியலைவிட வாசிப்பைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதலில் காணொளி அனுப்ப வேண்டும். அதில் தேறியவர்களைத்தான் நேரடி ஆடிஷனுக்கு அழைப்பார்கள். எதை வாசிக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பியானோ என்றால் பொதுவாக பாக்கின் ஒரு பிரெலூடும் ஃப்யூகும், பேத்தோவன், மோட்சார்ட் அல்லது ஹைடனின் ஒரு முழு சொனாட்டா, ஷோபின் காலத்துப் படைப்பு ஒன்று, இருபதாம் நூற்றாண்டையோ அதற்குப் பிந்தையதையோ சேர்ந்தது ஒன்று. வயலின் என்றால் துணை வாத்தியம் இல்லாமல் வாசிக்கும் பாக்கின் படைப்பிலிருந்து இரண்டு பகுதிகள், ஒரு பெரிய கன்செர்ட்டோவின் முதல் பகுதி, இவற்றிலிருந்து குணத்தில் மாறுபட்ட இன்னொன்று. வாய்ப்பாட்டுக்காரர் ஆங்கிலம் தவிர இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் பாட வேண்டும், பெரும்பாலும் மனப்பாடமாக. உச்சரிப்பு பிசகினால் அங்கேயே தெரிந்துவிடும்.

நம் பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். காதால் கேட்டு ஸ்வர இடைவெளியைச் சொல்வது, கேட்ட இசைத்துணுக்கை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதுவது, பார்த்திராத தாளை அங்கேயே வாசிப்பது, ஒரு படைப்பின் ஹார்மனியைப் பிரித்துச் சொல்வது எல்லாவற்றையும் சோதிப்பார்கள். ஏபிஆர்எஸ்எம்மில் ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் வேறொரு தேர்வோ தேறாமல் ஆறாம் கிரேடு செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது. ட்ரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ட்ரினிட்டி வழியில் போகிறவர்களில் சிலர் தியரியைத் தொடாமலே எட்டாம் கிரேடு வரை வந்துவிடுகிறார்கள். விலை பிறகு தெரியும். எந்த அமைப்பின் தேர்வு எழுதினாலும் தியரியைக் கூடவே படித்துவிடுங்கள்.

சேர்ந்தபின் படிப்பு எப்படியிருக்கும்? அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு, 30 முதல் 36 கிரெடிட். வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் தனிப்பாடம், ஒவ்வொரு செமஸ்டரும் ஏதாவது ஒரு குழுவில் கட்டாய வாசிப்பு, இசை வரலாறு, தியரி, ஆய்வு முறை. கடைசியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத தனிக் கச்சேரி, அதற்கான விளக்கக் குறிப்பு, பல இடங்களில் வாய்மொழித் தேர்வும் உண்டு. பிரிட்டனில் ஓராண்டு முதுகலையும் இருக்கிறது. ஓராண்டுப் பட்டம் இந்தியாவில் செல்லுமா என்ற சந்தேகம் நீண்ட காலம் இருந்தது. 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தம் அதைப் பெருமளவு தீர்த்தது.

இனி கண்டக்டிங், அதாவது வாத்தியக் குழுவையோ பாடகர் குழுவையோ நடத்துவது. வடசென்னைப் பிள்ளைகளிடம் இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். இதற்கான பயிற்சிக்களம் அவர்கள் தெருவிலேயே இருக்கிறது.

இசையமைப்பாளர் வேறு, நடத்துநர் வேறு. இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியபோது அதை எழுதியவர் அவர், வாத்தியக் குழுவை நடத்தியவர் மிகல் டாம்ஸ். நம் சினிமாவிலும் இது புதிதல்ல. எம்.எஸ். விஸ்வநாதனின் குழுவில் ஹென்றி டேனியலும் ஜோசப் கிருஷ்ணாவும் இந்த வகையில் உழைத்தவர்கள். நடத்துநரின் வேலை கைகாட்டுவதோடு முடிவதில்லை. இருபது வரி, முப்பது வரி கொண்ட ஸ்கோரைத் தனியே உட்கார்ந்து படித்து, அது எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைத் தலைக்குள் கேட்டுவிட வேண்டும். பிறகு ஒத்திகையில், ஒலிப்பது அதுவாக இல்லாதபோது எந்த வாத்தியத்தில் எந்த ஸ்வரம் பிசகியது என்று சொல்லத் தெரிய வேண்டும். பி ஃபிளாட் கிளாரினெட் ஸ்கோரில் எழுதியிருப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். எஃப் ஹார்ன் ஒரு பஞ்சம இடைவெளி கீழே ஒலிக்கும். வயோலாவுக்கு வேறு கிளெஃப். இதையெல்லாம் ஒரே நேரத்தில் கண்ணால் வாங்கி மனத்தில் இசையாக்குவதுதான் பயிற்சி. அதனால்தான் கண்டக்டிங் நுழைவுத் தேர்வில் பியானோ கேட்கிறார்கள். முழு ஸ்கோரைப் பியானோவில் சுருக்கி வாசிக்கச் சொல்வது ஜெர்மானியக் கல்லூரிகளில் வழக்கம்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் காணொளிக்கும் தனி விதி உண்டு. கேமரா நடத்துநரின் முகத்தையும் கைகளையும் முன்னாலிருந்து பார்க்க வேண்டும். பார்வையாளர் பக்கமிருந்து எடுத்த, முதுகு மட்டும் தெரியும் படம் உதவாது. பொதுவாக 20 முதல் 30 நிமிடம். அதில் கச்சேரி மட்டும் இருந்தால் போதாது, ஒத்திகையும் வேண்டும். தேர்வாளர்கள் உன்னிப்பாகப் பார்ப்பது ஒத்திகையைத்தான். ஒரு பிழையை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், பாடுகிறவர் மனம் நோகாமல் எப்படித் திருத்துகிறீர்கள், நேரத்தை எப்படிச் செலவழிக்கிறீர்கள் எல்லாம் அதில் தெரிந்துவிடும். கண்டக்டிங்கில் ஒரு கல்லூரி ஆண்டுக்கு எடுப்பது பெரும்பாலும் ஓரிரு பேரைத்தான். ஆகவே சான்றிதழைவிட இந்த அரைமணி நேரம்தான் உங்களுக்காகப் பேசும்.

ஆர்கெஸ்ட்ராவை நடத்துவது, பாடகர் குழுவை நடத்துவது, காற்று வாத்தியக் குழுவை நடத்துவது என மூன்று தனிப் பிரிவுகள் அமெரிக்காவில் உண்டு. பின்னிரண்டும் வடசென்னைக்கு நெருக்கமானவை. படகோட்டிகள் எழுப்பிய ராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்தில் தொடங்கி எண்ணூர் வரை எத்தனை ஆலயங்கள், எத்தனை பாடகர் குழுக்கள்! சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு குரலில் பாடும் பழக்கம் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. மூத்தவர்கள் பலர் டோனிக் சோல்ஃபா எழுத்துகளைப் பார்த்தே பாடுவார்கள். அது காதுக்கு அருமையான பயிற்சி. ஆனால் ஸ்டாஃப் நொட்டேஷனையும் கற்காமல் ஸ்கோருக்குள் நுழைய முடியாது. கொயர் மாஸ்டர் ஊருக்குப் போகும் வாரத்தில் ஒத்திகையை நடத்தும் அந்த இருபது வயது இளைஞர் தன் அனுபவத்தைக் குறைத்து எண்ணக் கூடாது. வாரம்தோறும் உயிருள்ள குரல்களோடு வேலை செய்யும் வாய்ப்பு, வெளிநாட்டு இளங்கலை மாணவர் பலருக்கே எளிதில் கிடைப்பதில்லை.

பேண்டு செட் கலைஞர்களுக்கும் இது பொருந்தும். கல்யாண ஊர்வலத்திலும் சாவு வீட்டிலும் டிரம்பெட், கிளாரினெட், யூஃபோனியம் வாசிக்கும் இளைஞர்களின் மூச்சுப் பலமும் தாளக்கட்டும் அபாரமானவை. அவர்களில் பெரும்பாலோர் காதால் கேட்டே வாசிக்கிறார்கள். நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொண்டால் போலீஸ் பேண்டு, ராணுவ பேண்டு முதல் பல்கலைக்கழகம் வரை பாதை நீளும். அவர்களுக்குக் குறைவது திறமையல்ல, அதைக் கற்றுத்தரும் ஆள்.

இந்தியாவில் பிறந்து இத்துறையில் உலகின் உச்சிக்குப் போன ஸுபின் மேத்தா, 1954இல் பதினெட்டு வயதில் பம்பாயிலிருந்து வியன்னா இசை அகாதமிக்குப் போனார். ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் கண்டக்டிங் படித்தார். டபுள் பேஸும் கற்றார். ஒரு பெரிய பாடகர் குழுவில் சேர்ந்து பாடினார். அங்கே பாடினால்தான் பெரிய நடத்துநர்கள் ஒத்திகை நடத்துவதை அருகிலிருந்து பார்க்க முடியும் என்பதே காரணம். பணச் செலவில்லாத பாடம் அது. சென்னையில் 1893 முதல் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழு இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு குழுவில் சில ஆண்டு பாடுவது, கண்டக்டிங் விரும்பும் எவருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை. ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் மேற்கத்திய இசையை முழுநேரமாகப் படிக்கச் சென்னையில் உள்ள இடம்.

கர்நாடக இசை வழி வேறு. இங்கே நடத்துநர் இல்லை. முதுகலைக்கு வெளிநாடு போகவும் தேவையில்லை. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை, மெரினா எதிரே ராணி மேரிக் கல்லூரி, அடையாற்றங்கரையில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். அதன் கீழ் உள்ள அரசு இசைக் கல்லூரி, 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது. எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து, பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கமும் கிரீன்வேஸ் சாலையும் அதே தடத்தில் வந்துவிடும்.

எம்.ஏ. இசை இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். இசையில் இளங்கலை, அல்லது வேறு பட்டத்தோடு நிரூபிக்கக்கூடிய இசைத் தேர்ச்சி என்பதே பொதுவான தகுதி. நிறுவனத்துக்கு நிறுவனம் நுணுக்கம் மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துவிட வேண்டும். சேர்க்கையில் பாடவோ வாசிக்கவோ சொல்வார்கள். வர்ணம் இரண்டு காலத்தில் சுத்தமாக வருகிறதா, கீர்த்தனையில் பாடாந்தரம் உறுதியாக இருக்கிறதா, கேட்ட ராகத்தை ஐந்து நிமிடம் ஆலாபனை செய்ய முடிகிறதா, கற்பனை ஸ்வரம் தாளம் தப்பாமல் எடுப்பில் வந்து விழுகிறதா என்று கவனிப்பார்கள். படிப்பில் ராகம் தானம் பல்லவி, இசையியல், லட்சண நூல்கள், ஆய்வேடு எல்லாம் சேரும். பிளஸ் டூ கூட முடிக்காத பிள்ளைக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. நாதசுரம், தவில், தேவாரம் எல்லாம் அங்கே கற்கலாம். அது தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் எம்.ஏ.வுக்குத் தேவையான பட்டத்துக்கு ஈடாகாது.

கர்நாடக இசை தென்சென்னைக்கு மட்டுமே உரியது என்ற நினைப்பு வடசென்னையிலேயே வேரூன்றியிருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் மணலியில்தான் முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரரின் பேண்டு இசையைக் கேட்ட தீட்சிதர், அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவை நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்றுத்தரப்படுகின்றன. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்றதும் மணலியில் இருந்த காலத்தில்தான். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த கதையில் அவர் பெயர் முன்னணியில் இருக்கிறது. பக்கத்தில் திருவொற்றியூரில் தியாகராஜரின் சீடர் வீணை குப்பையர் வாழ்ந்தார். தியாகராஜர் இங்கே வந்து திரிபுரசுந்தரி அம்மன் மீது பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யரின் வர்ணங்கள் இன்றும் பாடத்தில் உண்டு. இரண்டு இசை மரபுகளும் சந்தித்துக்கொண்ட மண் இது. இந்த மண்ணின் பிள்ளை எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்நியமான ஒன்றைத் தேடிப்போவதாக நினைக்க வேண்டியதில்லை.

முதுகலை முடித்தால் வேலை? கல்லூரியில் உதவிப் பேராசிரியராக, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலையும், நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். அதே விதிகளில் கலைஞர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. பெயர்பெற்ற குருவிடம் பயின்று, வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ‘ஏ’ கிரேடு கலைஞராகி, பாடத்தைத் தர்க்கத்தோடு விளக்கவும் இலக்கணத்தைச் செய்து காட்டிக் கற்பிக்கவும் திறனிருந்தால் முதுகலை இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கேயும் இளங்கலைப் பட்டம் ஒன்று கட்டாயம்.

வெளிநாடு என்றால் பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஜெர்மனியில் அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவுப் பணம் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. மேலும் இசை முதுகலைக்கு அங்கே இசையிலேயே இளங்கலை கேட்பது வழக்கம். ஜெர்மன் மொழியும் படிக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் கட்டணம் கனமானது. ஆனால் குழுக்களின் ஒத்திகைக்கு உதவும் உதவியாளர் பணி கிடைத்தால் கட்டணம் முழுதாகவோ பாதியாகவோ தள்ளுபடியாகும், கைச்செலவுக்கும் வரும். கண்டக்டிங் மாணவருக்கு இது பல இடங்களில் நடைமுறை. உதவித்தொகை இல்லாமல், குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து ஓராண்டு பிரிட்டன் படிப்புக்குப் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். திரும்பி வந்தபின் இங்கே இசை ஆசிரியரின் சம்பளம் அந்தக் கடனைத் தாங்காது.

தேதிகளைக் கோட்டைவிடுபவர்களும் நிறைய. பிரிட்டன் இசைக் கல்லூரிகள் பலவற்றுக்கு விண்ணப்பம், படிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரம், நேரடி ஆடிஷன் ஜனவரி முதல் மார்ச் வரை. பரிந்துரைக் கடிதம் இரண்டு மூன்று கேட்பார்கள். எழுதுபவர் உங்கள் வாசிப்பைப் பல ஆண்டு கேட்டவராக இருப்பது, பெரிய பெயர் உள்ளவராக இருப்பதைவிட முக்கியம். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் அதே நேரத்தில் கைக்கு வர வேண்டும்.

ஆலயங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடகர் குழுவின் ஒத்திகையை மாதம் ஒருமுறையாவது இளையவர் ஒருவரிடம் முழுதாக ஒப்படையுங்கள். அவர் பிழை செய்யட்டும், திருத்தக் கற்கட்டும். அதைக் காணொளியாக எடுக்கவும் அனுமதியுங்கள். இளையவர்களே, இந்த டிசம்பரில் விண்ணப்பிக்க நினைத்தால் ஜூனிலேயே பதிவைத் தொடங்குங்கள். கேரல் பருவத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும்.